லீ ஹுவாவின் கடிதங்கள்

சீனாவில் மேல்நிலைப் படிப்பை முடிப்பவர்கள் எழுதும் காவ்காவ் நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். பல மாகாணங்களில் அதில் 40 எழுத்துப் பகுதிக்கு. முதலில் சுமார் 80 சொற்களில் ஒரு கடிதம். எழுதுபவர் பெயர் பெரும்பாலும் லீ ஹுவா. வெளிநாட்டு நண்பருக்கு அழைப்பும் நன்றியும் எழுதியே காலம் தள்ளும், ஆண்டுகள் போனாலும் பள்ளியை விட்டுப் போகாத கற்பனை மாணவர்.

அடுத்ததுதான் கடினம். பாதியில் நிற்கும் கதையைப் படித்து, கொடுத்திருக்கும் இரண்டு தொடக்க வாக்கியங்களைப் பிடித்துக்கொண்டு, சுமார் 150 சொற்களில் முடிக்க வேண்டும். 2016இல் செஜியாங் மாகாணத்தில் வந்த முறை இது. வெறும் மனப்பாடம் இங்கே கைகொடுக்காது.

தடுமாற்றத்துக்குத் தாய்மொழியும் ஒரு காரணம். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. அதனால் நேற்றைய கதையிலும் 'வென்ட்' வரவேண்டிய இடத்தில் 'கோ' வந்து விழும். 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் உச்சரிப்பு 'தா' ஒன்றே. நன்றாகப் பேசுபவர்கள்கூட 'ஹீ', 'ஷீ'யை மாற்றிவிடுவார்கள்.

காலையில் வகுப்பே அதிரும்படி உரக்கப் படிப்பது வழக்கம். அகரவரிசைச் சொற்பட்டியலின் தொடக்கத்திலேயே நிற்பது 'அபாண்டன்'. பொருள், 'கைவிடு'. அதோடு புத்தகத்தை மூடிவிட்டவர்களைப் பற்றிய கிண்டல் அங்கே பழசு.

கையெழுத்துக்கும் பயிற்சி உண்டு. அச்செழுத்துப் போல உருண்டையாக எழுதும் 'ஹெங்ஷுய் பாணி'க்குத் தனி ஏடுகளே விற்கின்றன. விடைத்தாள்களை ஸ்கேன் செய்து திரையில்தான் திருத்துகிறார்கள். கிறுக்கல் அங்கே எடுபடாது.