நான்கு மீட்டர் கோட்டுக்கு இந்தப் பக்கம்

தர்மபுரியில் கார் வாங்கப் போகிறவர் ஹூண்டாய் வென்யூவையும் மாருதி பிரெஸ்ஸாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்தால், இரண்டும் 3,995 மில்லிமீட்டர். ஷோரூமில் இரண்டையும் எஸ்யூவி என்றுதான் சொல்வார்கள். ஆனால் 1,197 சிசி பெட்ரோல் இன்ஜின் போட்ட வென்யூவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 1,462 சிசி பெட்ரோல் பிரெஸ்ஸாவுக்கு 40 சதவீதம். வரிக்கு முந்தைய விலை 8 லட்சம் என்று வைத்துக்கொண்டால், வரியில் மட்டும் 1,76,000 ரூபாய் வித்தியாசம் வருகிறது.

இந்தக் கோட்டைக் கிழித்தது 2006 மத்திய பட்ஜெட். நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம், நீளம் 4,000 மில்லிமீட்டரையும், இன்ஜின் பெட்ரோலில் 1,200 சிசியையும் டீசலில் 1,500 சிசியையும் தாண்டாத வண்டிகளைச் ‘சிறிய கார்’ என்று வகுத்து, கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோதும் அதே அளவுகோல்தான். 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 40. மின்சாரக் கார் எவ்வளவு நீளமானாலும் 5 சதவீதம். எஸ்யூவிக்கென்று முன்பு இருந்த தனி வரி, 170 மில்லிமீட்டர் தரை இடைவெளிக் கணக்கு எல்லாம் இப்போது பொருளிழந்துவிட்டன. கடையில் மட்டும் அந்தப் பெயர் ஓடுகிறது.

வரிக்குக் கிழித்த கோடு காரின் உடம்பையே மாற்றியதுதான் இதில் கவனிக்க வேண்டியது. முதலில் 4,160 மில்லிமீட்டர் இருந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012-ல் 3,995 ஆகச் சுருங்கியது. வெட்டு விழுந்தது டிக்கியில்; 440 லிட்டர் கொள்ளளவு 316 ஆயிற்று. ஒகேனக்கல்லுக்குச் சமையல் பாத்திரத்தோடு கிளம்பும் குடும்பத்துக்கு அந்த 124 லிட்டர் பெரிய இடம். மலையடிவார ஊர்களுக்குப் பழக்கமான மஹிந்திரா பொலேரோகூட 2016-ல் 1,493 சிசி இன்ஜினோடு நான்கு மீட்டருக்குள் வந்து சேர்ந்தது.

இப்படிச் செய்வது நாம் மட்டுமல்ல. ஜப்பானில் ‘கெய்’ என்ற சிறு வகைக்கு 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 660 சிசி என்று வரம்பு உண்டு. 1983-ல் இங்கே வந்த மாருதி 800 அந்தக் கெய் குடும்பத்தில் பிறந்த வண்டிதான். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமையோ வெளி நீளத்தை விட்டுவிட்டு, உள்ளே ஆளும் சாமானும் கொள்ளும் கன அளவை வைத்து செடான்களைப் பிரிக்கிறது. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று ஏறும் நம் வீடுகளுக்கு அந்த அளவுதான் பொருந்தும் என்பது என் கருத்து. நம் வரி விதியில் அகலத்துக்கு இடமே இல்லை. பின் சீட்டில் மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்கார முடியுமா என்று அது கேட்பதில்லை.

டிஎன் 29 என்று நம்பர் வாங்கும் நாளில் இன்னொரு அளவுகோல் வந்து நிற்கும். தமிழ்நாடு அரசின் ஆயுள் வரிக்கு நீளமும் தேவையில்லை, சிசியும் தேவையில்லை, விலைதான் கணக்கு. 2023 நவம்பர் முதல் 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. சுங்கச்சாவடியில் காரும் ஜீப்பும் வேனும் ஒரே வகை. பாளையம் சாவடியில் ஆல்டோ கட்டுவதைத்தான் இன்னோவாவும் கட்டுகிறது.

அங்கிருந்து சேலம் பக்கம் போனால் தொப்பூர் இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து எத்தனை உயிர்களை வாங்கியிருக்கின்றன என்பதை இந்த மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே சொன்ன எந்த வகைப்பாடும் வண்டியின் பாதுகாப்பை அளப்பதில்லை. அதற்கு இருப்பது 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப். முன்புற மோதலை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்திலும் பக்கவாட்டு மோதலை 50 கிலோமீட்டரிலும் சோதித்து, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியாக நட்சத்திரம் தருகிறார்கள். அந்தச் சோதனை கட்டாயம் இல்லை.