வல்லூறு பழக்கும் கலை

உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா என்பது தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வழங்கும் பழமொழி. பருந்தினத்துப் பறவைகளின் சிறப்பு உயரப் பறப்பதில் மாத்திரம் இல்லை. கூர்ந்து நோக்குதல், பொறுத்திருத்தல், தக்க தருணத்திற் பாய்தல் ஆகிய மூன்றும் அவற்றுக்கு உரியவை. வானத்தில் தன் விருப்பம்போல் திரியும் இத்தகைய பறவையை மனிதன் எவ்வாறு தன் மணிக்கட்டிற்கு அழைத்தான்? இரையைத் துரத்திச் சென்ற பறவை, காடும் கடலும் திறந்து கிடக்க, மீண்டும் அவனிடமே வருவது எதனால்?

திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த சம்பூரில் இக்கேள்வி எழுவது இயல்பே. வலை இழுக்கும் வேளையில், சிதறிய மீனைக் கவர்ந்து செல்லச் செம்பருந்துகள் வட்டமிடும். அவற்றை ஊரார் பிராந்து என்பர். அவற்றினும் பெரிய வெண்வயிற்றுக் கடற்கழுகு கரையோர மரத்தின் உச்சியில் அசையாது அமர்ந்திருக்கும். ஊருக்குள்ளே, வேலியோரத்து மரத்தில், புறாவளவே உள்ள சின்ன வல்லூறு ஓணானைக் குறிபார்த்துக் காத்திருக்கும். 2006ஆம் ஆண்டு போரினால் இடம்பெயர்ந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளில் மீண்டு வந்து குடியேறிய மக்களின் பிள்ளைகள் இன்று அவ்வூரில் வளர்கின்றனர். அவர்களுள் ஒரு சிறுவன், காற்றில் விழுந்த வல்லூற்றுக் குஞ்சொன்றை மரத்தடியிற் கண்டெடுத்தான் என்று வைத்துக்கொள்வோம். "இதை வளர்த்துப் பழக்கினால் என்ன?" என்று அவன் கேட்பான். அவனுக்குச் சொல்லவேண்டிய மறுமொழி சற்று நீண்டது.

வேட்டைக்குப் பழக்கப்படும் பறவைகள் இருவகையின. முதல் வகை நீண்டு கூர்மையான சிறகுடைய இராசாளி இனம். இது வெளிநிலத்தின் மேலே உயர்ந்து, கீழே பறக்கும் இரைமீது கல் விழுவதுபோல் விழும். அப்போது அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றரையும் கடப்பதுண்டு. இவ்வினத்தைச் சேர்ந்த சாகீன் என்னும் பறவை இலங்கையிலும் உண்டு. சிகிரியா போன்ற செங்குத்தான பாறைகளிற் கூடமைப்பது. இரண்டாம் வகை குறுகிய அகன்ற சிறகும் நீண்ட வாலும் உடைய வல்லூற்று இனம். மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து சென்று, அண்மையிலிருந்து திடீரெனப் பாய்வது அதன் இயல்பு. சின்ன வல்லூறு இவ்வகையினது. ஒல்லாந்தர் காலத்தில், 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஆள்பதியாக இருந்த லோட்டன் என்பவர் இந்நாட்டுப் பறவைகளைச் சித்திரமாகத் தீட்டுவித்தார். அவ்வழியே ஐரோப்பியர் அறிந்த பறவைகளுள் இதுவும் ஒன்று. இரு வகையிலும் பெண் பறவையே உருவிற் பெரியது; ஆண் சிறியது.

இக்கலை பாரத நாட்டுக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில், மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில், அரசர்க்குரிய பொழுதுபோக்குகளின் வரிசையில் வல்லூற்று வேட்டையும் விரித்துரைக்கப்படுகிறது. அக்பரின் அமைச்சர் அபுல் பசல் எழுதிய அயினி அக்பரி, அரண்மனைப் பறவைகளுக்கு அளந்து கொடுக்கப்பட்ட இறைச்சி எவ்வளவு, ஒவ்வொன்றின் விலை என்ன என்று கணக்குக் கூறுகிறது. ஐரோப்பாவிலே, பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பிரெடரிக் பேரரசர் இதுபற்றிப் பெருநூல் ஒன்று இயற்றினார். பறவையின் கண்ணை மறைக்கும் தோற்குல்லாயை அராபியரிடமிருந்தே கற்றதாக அவர் அதிற் கூறியுள்ளார்.

அண்மைக் காலத்தில் இக்கலை சிறந்து விளங்கிய இடங்களுள் ஒன்று சௌராட்டிரத்துப் பவநகர். அதன் மகாராசா கிருட்டிணகுமாரசிங்கர் 1948 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். அவர் தம்பி தருமகுமாரசிங்கர் பறவை நூல் வல்லுநர். வல்லூறு பழக்குவதிலும் தேர்ந்தவர். 1937இல் அமெரிக்க மாத இதழ் ஒன்றில், பிராங்கு கிரெய்கெட், யோன் கிரெய்கெட் என்னும் இரட்டைச் சகோதரர் தாம் பழக்கிய பறவைகளைப்பற்றி எழுதிய கட்டுரையை அவர் படித்தார். உடனே கடிதம் எழுதினார். கடிதம் நட்பாயிற்று. 1940இல் அவ்விருவரும் கப்பலேறிப் பவநகர் வந்து, தலைமுறை தலைமுறையாக இத்தொழில் செய்தோரிடம் பல மாதம் உடனிருந்து கற்றனர். பின்னாளில் அவர்கள் கரடிகளை ஆராய்ந்து, நாட்டின் ஆறுகளைக் காக்கும் சட்டத்துக்கும் உழைத்துப் புகழ் பெற்றனர். வல்லூற்றிடம் கற்ற பொறுமை அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் பயன்பட்டது எனலாம்.

பழக்கும் முறை யாது? அதற்கு வேண்டும் கருவிகள் மிகச் சில: தடித்த தோற் கையுறை, காலிற் கட்டும் மெல்லிய தோல்வார், பறவை போன இடத்தை அறிவிக்கும் சிறு மணி, கண்ணை மறைக்கும் குல்லாய், இறகு கட்டிய பொய்யிரை, நீண்ட உறுதியான கயிறு, ஒரு தராசு. இவற்றுள் முதன்மையானது தராசே. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தட்டில் இட்ட சிபி மன்னன் கதையில் பருந்துக்கும் தராசுக்கும் தொடர்பு ஏற்பட்டது. இக்கலையிலோ தராசில் ஏறுவது பருந்தேயாகும். நாள்தோறும் அதே வேளையில், இரை கொடுக்குமுன் அது நிறுக்கப்படும். கொழுத்த பறவை அழைப்பைப் பொருட்படுத்தாது. மெலிந்த பறவை வலுவிழந்து மாளும். இரண்டுக்கும் இடையே பறப்பதற்கேற்ற எடை ஒன்று உண்டு. சின்ன வல்லூறு போன்ற சிறு பறவையில் ஒருசில கிராம் தவறினாலும் உயிருக்கே கேடு.

முதற்படி கையில் இருக்கப் பழக்குதல். அரையிருளான அமைதியான இடத்தில் பறவையைக் கையுறைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அமர்தல் வேண்டும். அது அஞ்சிப் பாயும், தலைகீழாகத் தொங்கும். பழக்குவோன் சினவாது மெல்ல மேலே எடுத்து நிறுத்துவான். பத்துமுறை பாய்ந்தால் பத்துமுறையும் நிறுத்துவான். இறைச்சித் துண்டை விரலிடையே வைத்துக் காத்திருப்பான். ஒருநாள் அப்பறவை தலையைத் தாழ்த்தி அவன் கையிலிருந்தே உண்ணும். பகைவன்முன் கழுத்தைத் தாழ்த்தாத பறவை கழுத்தைத் தாழ்த்திய அந்தக் கணமே முதல் வெற்றி.

அடுத்தபடி, இருப்புக் கழியிலிருந்து கைக்குத் தாவச் செய்தல். முதலில் ஒரு சாண். பின்னர் ஒரு முழம். அதன்பின் பல பாகம். தொலைவு கூடுகையில் காலில் நீண்ட கயிறு கட்டப்படும். ஒவ்வொரு நாளும் அழைத்தவுடன் தயங்காது வருகிறதா என்று பார்த்த பின்னரே கயிறு அவிழ்க்கப்படும். அதற்குமேல் அப்பறவையைப் பிணைத்திருப்பது யாதொன்றும் இல்லை. அது திரும்பி வருவதற்குக் காரணம், அந்தக் கையில் உணவு உண்டு, தீங்கு இல்லை என்று அது கண்டறிந்திருப்பதே. நாயைப்போல் தலைவனை மகிழ்விக்கும் விருப்பம் வல்லூற்றுக்குக் கிடையாது. அடித்தால் திருந்தாது, ஒருமுறை அடித்தவனை அது பின்பு நம்பாது. ஆகவே இக்கலையில் தண்டனை என்ற பாடமே இல்லை.

புதிதாகக் கற்போன் எங்கே தவறுவான் என்பதற்கு ஆங்கில எழுத்தாளர் தெ. எ. உவைற்று ஓர் எடுத்துக்காட்டு. பள்ளி ஆசிரியராக இருந்த அவர், 1936இல் அத்தொழிலை விட்டு, சேர்மனியிலிருந்து பெரிய வல்லூறு ஒன்றை வருவித்தார். கற்றுத்தரும் ஆசான் அருகில் இல்லை. 1619இல் அச்சான நூலொன்றைத் துணைகொண்டு, பறவையை உறங்கவிடாது, தாமும் உறங்காது இரவுகளைக் கழித்தார். அதன் அன்பைப் பெறும் அவாவினால் அளவுக்குமேல் உணவூட்டினார். உண்டு நிறைந்த பறவை அவரைப் பொருட்படுத்தவில்லை. அவர் சினமும் இரக்கமும் மாறிமாறி அடைந்தார். இறுதியில், நலிந்த கயிறு அறுந்து பறவை போயே போய்விட்டது. அவர் அதனை மறைக்கவில்லை. 1951இல் வெளியான தமது நூலில் தம் பிழைகளை ஒளியாது எழுதினார். கருணை வேறு, அறிவு வேறு. அறிவில்லாத கருணை தான் நேசித்ததையே வருத்தும் என்பதை அந்நூல் உணர்த்துகிறது.

இப்பொழுது சம்பூர்ச் சிறுவனிடம் திரும்புவோம். கூட்டிலிருந்து எடுத்து மனிதன் கையால் வளர்க்கப்படும் குஞ்சு, மனிதனையே தன் இனம் என்று மயங்கும். வளர்ந்தபின் ஓயாது கதறும். அச்சமின்றி ஆட்களைத் தாக்கும். தன் இனத்தோடு கூடி வாழ அறியாது. எலும்பில்லாத இறைச்சியை மாத்திரம் ஊட்டினால், சுண்ணச்சத்துக் குறைந்து அதன் எலும்புகள் வளைந்து முறியும். சோறும் பாலும் அதற்கு உணவல்ல. அன்றியும், இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இப்பறவைகளைக் காக்கின்றன. தன் விருப்பம்போல் பிடித்து வளர்ப்பது குற்றமாகும்.

அவ்வாறாயின் அவன் செய்யத்தக்கது யாது? குஞ்சுக்குக் காயம் இல்லையேல், அதைக் கூட்டிலே திரும்ப வைக்கலாம். கூடு எட்டாவிடில், ஒரு சிறு கூடையில் சருகு பரப்பி, அதே மரத்தில் உயரக் கட்டி வைக்கலாம். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் தள்ளிவிடும் என்பது வீண் நம்பிக்கை. குரல் கேட்டுப் பெற்றோர் வந்து ஊட்டும். காயம் இருப்பின், காற்றுத் துளையுள்ள பெட்டியில் இருளாக வைத்து, எதையும் ஊட்டாது, வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கு அறிவித்தல் வேண்டும்.

இதனால் இக்கலை அவனுக்குப் பயனற்றது என்று கருதலாகாது. டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி முட்டை ஓட்டை மெலியச் செய்ததால், ஐக்கிய அமெரிக்காவிலே பெரிய இராசாளிகள் அருகிப்போயின. அப்போது அவற்றை மீட்டவர்கள் வல்லூறு பழக்குவோரே. தாமே வல்லூறு பழக்குவதிலே தேர்ந்த பேராசிரியர் தொம் கேட் முதலியோர் 1970இல் ஒரு நிறுவனம் அமைத்தனர். குஞ்சுகளைப் பாறை உச்சியிலும் கோபுரத்திலும் பெட்டியில் வைத்து, மனிதர் கண்ணிற் படாதவாறு உணவிட்டு, தாமே வேட்டையாடும் வரை காத்துப் பறக்கவிட்டனர். 4,000க்கு மேற்பட்ட பறவைகள் இவ்வாறு வானம் புகுந்தன. 1999இல் அப்பறவை அருகிவரும் உயிர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பிடிப்பதற்காகக் கற்ற கலை விடுவிப்பதற்குப் பயன்பட்டது. 2010இல் யுனெசுக்கோ நிறுவனம் இதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. 2021இல் 24 நாடுகள் அதிற் பங்குகொண்டன.

சம்பூரிலிருக்கும் சிறுவனுக்குக் கையுறையும் கயிறும் வேண்டா. ஒரு குறிப்புப் புத்தகம் போதும். வல்லூறு எந்த மரத்தில் எவ்வேளை அமர்கிறது, ஓணானைப் பிடித்ததா, எலியைப் பிடித்ததா, எத்தனை முறை பாய்ந்து எத்தனை முறை வென்றது என்று நாள்தோறும் எழுதலாம். பல பாய்ச்சல்கள் வீணாவதையும், வீணான பின்னும் அது மறுபடி காத்திருப்பதையும் அவன் காண்பான். வல்லூற்றைப் பழக்க முனைந்தோர் யாவரும் முதலிற் பழகிக்கொண்டது தம் கையை ஆடாமலும் தம் மனத்தைப் பதறாமலும் வைத்திருப்பதையே. அப்பயிற்சிக்குப் பறவையைச் சிறைப்படுத்த வேண்டியதில்லை. மரத்தடியில் அசையாது அமர்ந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கும் அது கைகூடும்.