ஐம்பதிலும் வளையும்!

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று நம் பெரியவர்கள் கேட்டு வைத்தார்கள். இந்தப் பழமொழியை நானும் வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் போட்டவன்தான். பிள்ளைகள் சிறு வயதிலேயே ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது அது. ஆனால், அதையே காரணமாகக் காட்டி நம் வீட்டுத் தாய்மார்களை அடுப்படியிலேயே உட்கார வைத்துவிட்டோமோ என்ற எண்ணம் எனக்குப் பின்னால்தான் வந்தது. அந்த எண்ணத்தைக் கொடுத்தவர் என்னைப் பெற்ற தாயார். அவர் ஐம்பதாவது வயதில் மலாய் படித்த கதையை இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

சிவப்புக் கார்டு

என் தாயார் 1954-ஆம் ஆண்டு ஜொகூரில், குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. தாத்தாவும் பாட்டியும் விடியுமுன்னே மரம் வெட்டப் போய்விட்டால், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டுமே! பதினான்கு வயதில் அம்மாவே உளி பிடித்துவிட்டார்.

இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே உழைத்தவருக்குக் கையில் இருந்ததோ சிவப்பு அடையாளக் கார்டு. நீலக் கார்டு குடிமக்களுக்கு; சிவப்புக் கார்டு நிரந்தரவாசிகளுக்கு.

ஏன் இப்படி? நாடு சுதந்திரம் பெற்றது 31-8-1957. அதற்கு முன் இங்கே பிறந்து, குடியுரிமை பெறாமல் இருந்தவர்கள் மனுச் செய்து பதிந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். நமது அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு அதற்கான நிபந்தனைகளைச் சொல்கிறது. மனுச் செய்பவருக்கு 18 வயதாகியிருக்க வேண்டும். கடந்த 7 ஆண்டுகளில் மொத்தம் 5 ஆண்டுகளாவது நாட்டில் வசித்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். மலாய் மொழியில் அடிப்படை அறிவும் வேண்டும்.

எங்கள் தாத்தாவுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. “கார்டு இருக்கில்ல, அது செவப்பா இருந்தா என்னா, நீலமா இருந்தா என்னா?” என்பாராம். வித்தியாசம் என்ன என்பது 1969-க்குப் பிறகு தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊருக்கே திரும்பிப் போயின. எங்கள் லயத்திலேயே அடுத்தடுத்த வீடுகள் காலியாகிப் போனதை அம்மா இன்றும் சொல்வார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. பெர்மிட் கிடைத்ததால் எங்கள் குடும்பம் தப்பியது. ஆனால் கார்டின் நிறம் மாறவில்லை. என் தகப்பனாரும் சிவப்புக் கார்டுக்காரர். 2001-இல் அதே கார்டோடுதான் கண்ணை மூடினார்.

ஒரு கிலோமீட்டர் தூரம்

என் தங்கை 2003-இல் சிங்கப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அடுத்த ஆண்டே பெண் குழந்தை. பிள்ளைப்பேறு பார்க்கத் தாய் போக வேண்டாமா? சிவப்புக் கார்டுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஜொகூர் பாருவில் கடலோரமாக நின்றால் அக்கரைக் கட்டடங்களின் சன்னல்கள்கூடத் தெரியும். அங்கே நின்றுகொண்டு அம்மா கேட்டார்: “நடந்தே போயிடலாம் போலருக்கே தம்பி. என்னாத்துக்கு என்னை விடமாட்டேங்குறாங்க?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, தோட்டப் பள்ளியில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மூன்று மொழி எழுத்தும் சொல்லிக் கொடுக்கிறேன். பெற்ற தாய்க்கு ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்கியதில்லை. அன்றிரவே மனு எழுதுவதென்றும், அம்மாவுக்கு மலாய் சொல்லிக் கொடுப்பதென்றும் முடிவு செய்தேன். நல்ல வேளையாக, அம்மாவின் பிறப்புப் பத்திரத்தைப் பாட்டி பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார்.

மங்கிய எழுத்து

அம்மாவின் ஒரு நாளை நீங்கள் அறிவீர்கள். உங்கள் வீட்டிலும் அதே நாள்தான். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சோறு ஆக்கி, சம்பல் அரைத்து, ஐந்தரைக்குப் பெரட்டு. இருட்டோடு நிரையில் இறங்கி மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்துத் தூக்கி, ஸ்டோரில் நிறுத்துப் போட்டு வீடு திரும்பப் பகல் ஆகிவிடும். பிறகு துணி, தண்ணீர், கோழி, கறிவேப்பிலைச் செடி. இரவு எட்டு மணிக்குத்தான் பாடம். அதற்குள் பாதித் தூக்கம் வந்துவிடும்.

முதல் ஒரு மாதம் ஒன்றும் ஏறவில்லை. ஓர் எழுத்தைப் பத்துத் தரம் காட்டினாலும் அம்மா விழிப்பார். ஒரு நாள் நான் பொறுமை இழந்து, “ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்ககூட படிக்குதும்மா!” என்று சத்தம் போட்டுவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைத் தூரத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு இன்னும் தூரத்தில் பிடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் தாயாருக்கு எழுத்தே தெரியவில்லை! கண் மங்கியிருந்தது. மரத்தின் கோட்டைக் கைப்பழக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மறு வாரமே குளுவாங் டவுனில் மூக்குக் கண்ணாடி வாங்கினோம். என்னுடைய பயிற்சிச் சான்றிதழ் அன்று எனக்கு வெட்கத்தைத்தான் கொடுத்தது.

தெரிந்த மொழியும் தெரியாத மொழியும்

அம்மாவுக்கு மலாய் அறவே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் தவறு. பால் நிறுத்துப் போடும் கணக்கு முழுவதும் அவருக்கு மலாயில் தெரியும். பாராங், ரோத்தான், கம்போங் என்று நாம் பேசுகிற தமிழிலேயே மலாய்ச் சொற்கள் கிடக்கின்றன. அதைவிட வேடிக்கை, மலாயில் கிடக்கிற தமிழ்தான்!

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நம் கடை அங்கே ‘கெடாய்’. பெட்டி ‘பெத்தி’. கட்டில் ‘காத்தில்’. கப்பல் ‘காப்பால்’. திரை ‘தீராய்’. குளம் ‘கோலாம்’. மாம்பழம் ‘மெம்பெலாம்’. குரு ‘குரு’வேதான், பாஷை ‘பஹாசா’. நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த வாணிபர்களோடு தமிழும் வடமொழியும் இங்கே வந்து இறங்கிய அடையாளங்கள் இவை. அம்மா வாய்விட்டுச் சிரித்தார். “அட, நம்ம வூட்டுச் சாமானெல்லாம் அங்கதான் இருக்கா!” அன்று முதல் அவருக்கு மலாய் அந்நியமாகத் தெரியவில்லை.

இலக்கணமும் அவ்வளவு கடினமில்லை. நம்மைப்போல வந்தான், வருகிறான், வருவான் என்று வினைச்சொல் மாறுவதில்லை. ‘சுடா’ என்றால் ஆகிவிட்டது. ‘பெலும்’ என்றால் இன்னும் ஆகவில்லை. ‘அனாக்’ என்றால் பிள்ளை. ‘அனாக்-அனாக்’ என்றால் பிள்ளைகள்.

சிக்கல் உச்சரிப்பில் வந்தது. நம் எழுத்தில் பகரம் ஒன்றுதான். மலாயில் அந்த ஒலி இரண்டு. மென்மையாக ‘பாகி’ என்றால் காலை. ‘பம்பரம்’ என்னும் சொல்லின் நடுவிலுள்ள பகரத்தைப் போல அழுத்திச் சொன்னால் ‘கொடு’. சம்பளத்துக்கும் ஆராய்ச்சிக்கும் இதே தொல்லை; தமிழில் எழுதினால் இரண்டுமே ‘காஜி’. “காஜி ஒழுங்கா வந்தாச் சரிதான்!” என்பார் அம்மா.

ஒரு சொல்லால் வந்த வினை

2005-இல் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அம்மா பட்டுச் சேலை கட்டி, கோவிலில் சூடம் கொளுத்திவிட்டுப் புறப்பட்டார். அதிகாரி மரியாதையானவர். “மாக்சிக், எங்கே வசிக்கிறீர்கள்?” என்று மலாயில் கேட்டாராம். அம்மா பதற்றத்தில், சந்தையில் சீன வியாபாரியிடம் பேசிப் பழகிய மலாயிலேயே பதில் சொல்லிவிட்டார். தன்னைக் ‘குவா’ என்றும், அந்த அதிகாரியை ‘லூ’ என்றும்! மீன் கடையில் அது சகஜம். அலுவலகத்திலோ பெரிய மனிதரை “நீ, வா, போ” என்பது போல ஆகிவிடும். ‘சாயா’ என்றும் ‘என்சேக்’ என்றும் சொல்லியிருக்க வேண்டும். அதிகாரி கோபப்படவில்லை, இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மா அழுதார். தேறாததற்காக அல்ல. “அந்தத் தம்பி என்னை எவ்ளோ மரியாதையா கூப்புட்டுச்சு. நான் ‘லூ’ன்னு சொல்லிட்டேனே” என்றுதான் அழுதார். நான் சொற்களைச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, மரியாதையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தமிழில் நீ, நீங்கள் என்ற வித்தியாசத்தை மூச்சு விடுவதுபோல் அறிந்த ஒரு பெண்ணுக்கு அது எத்தனை பெரிய வலி!

இரண்டு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஒரு மாலை அவராகவே எழுந்து, பக்கத்துக் கம்பத்தில் குவே விற்கும் மலாய் அம்மாளிடம் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து வாரம் மூன்று மாலை அங்கேதான். அவருக்கு நம் முறுக்கு சுடத் தெரிய வேண்டும். இவருக்கு மலாய் தெரிய வேண்டும். அடுப்பின் முன்னால் பேசிப் பேசி, மரியாதைச் சொல்லெல்லாம் தானாக வந்தது. 2006-இல் மறுபடியும் அழைத்தார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்த அம்மா, “மாவு பெசையுறப்ப அந்த அக்கா கேட்டதத்தான் இவரும் கேட்டாரு” என்றார்.

நீலக் கார்டு கைக்கு வர 2008 ஆயிற்று. 2009-இல் கடப்பிதழோடு பாலத்தைக் கடந்தார். பேத்திக்கு அப்போது ஐந்து வயது. 2013 பொதுத் தேர்தலில், ஐம்பத்தொன்பதாவது வயதில், முதன்முறையாக வாக்களித்தார். மையிட்ட விரலை அப்பாவின் படத்துக்கு முன்னால் காட்டிவிட்டுத்தான் காப்பி குடித்தார்.

அம்மா தனி ஆள் அல்ல

இதே மதிலுக்கு வெளியே நின்ற முதியவர்கள் நம் சமூகத்தில் ஏராளம். சிவப்புக் கார்டு வைத்திருந்த, 60 வயதுக்கு மேற்பட்ட 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்க வழிவிடப்படும் என 2018-இல் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் அறிவித்தார். அவர்களில் எத்தனை தாய்மார்கள் ‘பாகி’க்கும் ‘பாகி’க்கும் நடுவில் தடுமாறியிருப்பார்களோ!

வெளியுலகத்தைப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துப் படித்த கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். ஜப்பானில் இரவு நேர நடுநிலைப் பள்ளிகள் இருக்கின்றன; கொரியாவிலிருந்து வந்து அங்கேயே மூப்படைந்த பாட்டிமார்கள் அவற்றில் அமர்ந்து ஜப்பானிய எழுத்துப் படித்தார்கள். கேரளத்தின் கார்த்தியாயினி அம்மாள் 2018-இல் தமது 96-ஆவது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி, 100-க்கு 98 புள்ளிகள் வாங்கி மாநிலத்திலேயே முதலாவதாக வந்தார். 2023-இல் மறைந்த அந்த மூதாட்டியை நினைத்தால், ஐம்பது வயது இளம் வயது அல்லவா!

உங்கள் வீட்டில்...

உங்கள் தாயாருக்கோ மாமியாருக்கோ மலாயோ ஆங்கிலமோ கற்றுக்கொடுக்க நினைக்கிறீர்களா? நான் தவறு செய்து கற்ற பாடங்களைச் சொல்லி வைக்கிறேன்.

முதலில் கண்ணைச் சோதியுங்கள். தினமும் இருபது நிமிடம் போதும். அலுத்த உடம்புக்கு அதற்கு மேல் ஏறாது. அவருக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களிலிருந்து தொடங்குங்கள். எழுத்துக்கு முன்னால் பேச்சு வரட்டும். மரியாதைச் சொற்களை முதல் நாளிலேயே சொல்லிக் கொடுங்கள். புத்தகத்தோடு நிறுத்தாமல், அந்த மொழி பேசும் ஒருவரோடு பழக விடுங்கள். தவறினால் பிள்ளைகள் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரம் முதலிய தாள்களைக் கறையான் அரிக்காத இடத்தில் வையுங்கள்.

அம்மாவுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. அவர் வெட்டிய மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. நாங்கள் டவுன் பக்கம் தாமானில் குடியிருக்கிறோம். சிங்கப்பூர்ப் பேத்தி தொலைபேசியில் பேசும்போது பாதி ஆங்கிலமாக இருக்கிறது. சென்ற மாதம் அம்மா தம் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, இருவது நிமிசம் இருக்கா?” என்றார்.

இந்த முறை நான் காத்திருக்க வைக்கவில்லை.