மலையகத்தின் பாட்டுக் குரல் மீனாட்சியம்மை

சென்னைச் சட்டசபையில் தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வாதாடியதைப் பலரும் அறிவோம். ஏறத்தாழ அதே காலத்தில், தமிழகத்துக் கிராமங்கள் 'கண்டிச்சீமை' என்றழைத்த நமது மலைநாட்டிலும் ஒரு தமிழ்ப் பெண் உழைக்கும் மக்களுக்காகக் குரல் கொடுத்தார். அவர்தான் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை.

எழுத்தறியாத தொழிலாளரிடம் துண்டுப்பிரசுரம் என்ன பேசும்? எனவே அவர் பாட்டைக் கையிலெடுத்தார். தோட்டத்துக் கூட்டங்களில் பாரதி பாடல்களைப் பாடினார். மக்கள் அறிந்த மெட்டுகளில் தாமும் பாடல் புனைந்தார்.

1939இல் அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து இந்திய நாட்கூலித் தொழிலாளர் நீக்கப்பட்டனர். இந்தியரின் இருப்பே கேள்விக்குள்ளான அவ்வேளையில், 1940இல், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாடல் நூல் வெளிவந்தது. கவிநயம் தேடுவோருக்கு அது ஏமாற்றம் தரலாம். ஆனால், படிக்கத் தெரியாதவரும் கேட்டு மனனஞ் செய்யக்கூடிய அரசியற் பாடம் அதில் உண்டு.

ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் தோட்டப் பெண்ணுக்கு 1984இல்தான் கிடைத்தது. பெண்ணின் உழைப்பு மலிவாக மதிக்கப்பட்ட மண்ணில், அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் மேடையேறி உரிமை பேசினார். அவரை நடேசய்யரின் துணைவியாக மட்டும் நினைவுகூருவது நியாயமாகாது.