கல்லா மேசைக்கு நல்ல பூட்டு

கடை ஷட்டருக்கு இரு பக்கமும் பூட்டு, நடுவில் ஒரு பூட்டு என்று பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறோம். பகல் முழுவதும் பணம் புழங்கும் கல்லா மேசைக்கு மட்டும், மேசையோடு வந்த பூட்டே போதும் என்று விட்டுவிடுகிறோம். கடலூர் முதுநகர் மண்டிகளானாலும் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவானாலும் சிதம்பரத்தின் நான்கு வீதிகளானாலும் இதே நிலைதான்.

அந்தப் பூட்டின் லட்சணம் என்ன? மேசையை மலிவாகத் தரவேண்டும் என்பதற்காகக் கிடைத்ததில் மலிவானதைப் போட்டிருப்பார்கள். உள்ளே இரண்டு மூன்று மெல்லிய தகடுகள், பலவீனமான ஒரு சுருள்கம்பி, அவ்வளவுதான். சாவி வகைகளும் மிகச் சில. ஆகவே பக்கத்துக் கடை மேசையின் சாவி நம் மேசையையும் திறந்தால் வியப்பில்லை. சில பூட்டுகளின் முகத்திலேயே சாவி எண் பொறித்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு போகிறவருக்கு வேறு சாவி வாங்குவது கடினமல்ல.

பணம் போவது மட்டுமே இதில் நஷ்டம் என்று எண்ண வேண்டாம். மாலையில் கணக்குப் பார்க்கும்போது ஐந்நூறு ரூபாய் குறைகிறது. சாவி முதலாளி இடுப்பில்தான் இருக்கிறது. அப்போது நம் பார்வை யார் மீது போகும்? பொட்டலம் கட்டும் பையன் மீதுதான். எவர் சாவிக்கும் திறக்கும் பூட்டை வைத்துக்கொண்டு அவனைக் கேள்வி கேட்பது எந்த வகையில் நியாயம்? பல வருடம் விசுவாசமாக உழைத்தவர்கள் இப்படிப்பட்ட ஒரு வார்த்தைக்காகவே கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்படி ஓர் ஆளை இழந்தபின் அதே போன்ற ஆள் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பதை நாம் அறிவோம். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை நாட்களில் சிதம்பரத்தில் தேர் வரும்போது கடை முன் நெருக்கும் கூட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். சரக்கு எடுக்க ஒரு நிமிடம் உள்ளே திரும்பினால் போதும்.

இப்போது வாங்குபவர்களில் பலர் கைபேசியில்தான் பணம் அனுப்புகிறார்கள், கல்லாவில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பற்று நோட்டு, செக் புத்தகம், கிடங்குச் சாவி எல்லாம் அதில்தானே இருக்கின்றன! (கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை இழுப்பறையில் வைக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுவது நல்லது.)

பூட்டுக் கடைக்குப் போகும் முன் மேசையை ஒரு முறை நன்றாகச் சோதியுங்கள். பூட்டை விட மேசைதான் பல இடங்களில் மோசம். இழுப்பறையின் அடித்தகடு வெறும் காடியில் செருகி இருக்கும். கீழிருந்து தட்டினால் கழன்று விழும். அதற்கு நாலு ஸ்குரூ போட வேண்டும். பூட்டில்லாத பக்கத்து இழுப்பறையை முழுதாக உருவிவிட்டு, அந்த வழியாகக் கையை விட்டால் கல்லா எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டினால் நடுவில் பலகை அடிக்க வேண்டும். இழுப்பறைக்கும் மேல் சட்டத்துக்கும் இடையே விரல் நுழையும் சந்து இருந்தால், எந்தப் பூட்டு போட்டாலும் நாக்கு பாதிதான் பிடிக்கும். அங்கே ஒரு ரீப்பர் ஒட்டிச் சந்தை அடைத்து, நாக்கு போய் உட்காரும் இடத்தில் இரும்புத் தகடு பதிக்கச் சொல்லுங்கள்.

அளவு எடுக்காமல் பூட்டு வாங்கினால் இரண்டு நடை நடக்க வேண்டிவரும். முன்பலகையின் கனம், இப்போதுள்ள துளையின் அகலம், பலகையின் மேல் விளிம்பிலிருந்து துளையின் நடு வரை உள்ள தூரம், நாக்கு மேலே போகிறதா பக்கவாட்டில் போகிறதா என்பது, இந்த நான்கும் வேண்டும். பழைய பூட்டையே கழற்றிக் கையில் எடுத்துப் போவது இன்னும் நல்லது. துளை சற்றுச் சிறியதாக இருந்தால் தச்சர் பெரிதாக்கிவிடுவார். பெரிய துளையைச் சிறிதாக்குவதுதான் தொல்லை.

கடையில் 'மல்டி பர்ப்பஸ் லாக்' என்று கேட்டால் உருளைப் பூட்டுகளை எடுத்துப் போடுவார்கள். அவற்றில் மலிவானதும் உண்டு, தரமானதும் உண்டு. இரண்டு பக்கமும் குழிக்குழியாக உள்ள, மக்கள் 'கம்ப்யூட்டர் சாவி' என்று சொல்லும் வகையைப் போலியாக வெட்டுவது சாதாரணச் சாவியை விடச் சிரமம். பழைய தேக்கு மேசை வைத்திருப்பவர்களுக்கு லீவர் பூட்டுதான் நம் சிபாரிசு. அதில் ஒவ்வொரு லீவரும் தனக்கென்று உள்ள உயரத்துக்கு மட்டுமே எழும்ப வேண்டும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ நாக்கு நகராது. லீவர் எண்ணிக்கை கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும். இந்த வேலையில் நம் திண்டுக்கல் கைவினைஞர்களுக்கு உள்ள பெயர் தெரிந்ததே. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல பூட்டுக்கு ஆகும் செலவு ஒரு டின் எண்ணெய் விலைகூட வராது.

எந்தப் பூட்டும் திறக்கவே முடியாதது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். லண்டனில் பிராமா என்பவரின் கடைச் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று 1790-லிருந்து எழுதி வைத்திருந்தார்கள். அறுபது வருடம் யாராலும் முடியவில்லை. 1851-ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் 51 மணி நேரம் போராடித் திறந்துவிட்டார். நம் கல்லா முன் நிற்பவனுக்கு 51 மணி நேரம் கிடையாது, ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தைத் தாக்குப்பிடித்தால் போதும்.

இரவு விஷயம் வேறு. கடப்பாரையோடு வருகிறவன் பூட்டைத் திறக்கப் போவதில்லை, மேசையையே பிளந்துவிடுவான். பணத்தைக் கையோடு எடுத்துப் போய்விட்டு, காலி இழுப்பறையைப் பூட்டாமல் திறந்தே வைத்துவிட்டுப் போகும் பழைய வியாபாரிகள் உண்டு. மேசையாவது தப்பும் அல்லவா!

கடலூர்க்காரர்கள் உப்புக் காற்றையும் மறக்கக் கூடாது. உள்ளே இரும்பு அதிகமுள்ள பூட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். பித்தளை வேலைப்பாடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சாவி இறுகினால் உடனே தேங்காய் எண்ணெய் விடுகிறோம். மளிகைக் கடையில் பறக்கும் மாவும் மிளகாய்த் தூளும் அந்த எண்ணெயில் ஒட்டிக் கெட்டியாகிப் பூட்டு மேலும் இறுகும். பென்சில் கரியைச் சுரண்டிச் சாவியில் தடவி நாலு முறை திருப்பினால் சரியாகிவிடும்.

பொருத்தும்போது அரை அங்குல ஸ்குரூவோடு விடாமல், இடமிருந்தால் ஊடுருவும் போல்ட்டும் உள்பக்கம் நட்டும் போடச் சொல்லுங்கள். துண்டு மரத்தூள் பலகையில் ஸ்குரூ பிடிக்காது. இழுத்தால் பூட்டோடு வந்துவிடும். மாற்றுச் சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் மாட்ட வேண்டாம். அந்த இடம் ஊருக்கே தெரியும். வீட்டில் இருக்கட்டும். வார விடுமுறை நாளில் தச்சரை வரவழைத்தால் ஒரு மணி நேர வேலை. கழற்றிய பழைய பூட்டு வீணாக வேண்டாம். பில் புத்தகம் வைக்கும் அலமாரிக்குப் போட்டுக்கொள்ளலாம்.