"இடமில்லை" என்ற சொல்லுக்கு இடமில்லை!

ஐந்தெழுத்து என்றதும் சிதம்பரத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. நாம் சொல்வது, பள்ளிக்கூட வாசலில் ஏழைகளின் காதில் ஓதப்படும் ஐந்தெழுத்து. இ-ட-மி-ல்-லை! இதை ஓதத் தீட்சை வேண்டாம். ஒரு மேசையும் நாற்காலியும் இருந்தால் போதும்.

யார் காதில் ஓதுகிறார்கள்? பரிந்துரைக் கடிதத்தோடு வருகிறவர் காதிலா? அவருக்கு நாற்காலி உண்டு, காப்பி உண்டு, "பார்த்துச் செய்கிறோம் சார்" உண்டு! துணையைப் பறிகொடுத்துவிட்டு, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று வந்து நிற்கிறாளே ஒரு தாய், அவள் காதில்தான் ஓதுகிறார்கள்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கடலூர் முதுநகர். துறைமுகத்தில் மீன்கூடை தூக்கி வயிறு வளர்த்த தொழிலாளி. "நம் காலம் இப்படிப் போயிற்று, பிள்ளையாவது படிக்கட்டும்" என்று மகளைத் தனியார் பள்ளியில் சேர்த்திருந்தான். ஒருநாள் மார்வலி என்றான். மறுநாள் அவன் இல்லை. வாடகை பாக்கி, பள்ளிக் கட்டணம் பாக்கி. அவள் என்ன செய்வாள்? சிதம்பரத்தில் தாய்வீடு இருக்கிறது. பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு, ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நின்றாவது பிழைக்கலாம் என்று பேருந்து ஏறுகிறாள். வெள்ளாற்றைத் தாண்டினால் துயரமும் தாண்டிவிடும் என்று நினைப்பு!

பழைய பள்ளி சொல்கிறது: பாக்கியைக் கட்டு, டி.சி. தருகிறோம். புதிய பள்ளி சொல்கிறது: டி.சி. கொண்டுவா, சேர்த்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் நடுவே, ஏழு வயதுப் பெண் பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகும் பிள்ளைகளின் சீருடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போதாக்குறைக்கு, "இது கார்த்திகை மாதம் அம்மா, ஜூனில் வாருங்கள்" என்ற உபதேசம். ஜூனில்! அந்த ஜூனில் இதே பள்ளிகளிலிருந்துதான் பதாகை பிடித்து, "பிள்ளைகளைப் பள்ளியில் சேருங்கள்" என்று முழங்கிக்கொண்டு தெருத்தெருவாகப் பேரணி வருகிறது. ஆனியில் அழைப்பு, கார்த்திகையில் கதவடைப்பு!

அவள் இழப்பது பாடம் மட்டுமா? 1982 முதல் தமிழ்நாட்டுப் பள்ளியில் சத்துணவு. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் காலைச் சிற்றுண்டி தொடங்கிற்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. சம்பாதித்தவன் போய்விட்ட வீட்டில் அந்த இரண்டு வேளைச் சோறு எவ்வளவு பெரிது என்பது நம் தோழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பள்ளியில் இடமில்லை என்றால் அவளுக்குப் பந்தியிலும் இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2009ஆம் ஆண்டுச் சட்டம். கட்டாயம் என்கிறார்களே, யாருக்குக் கட்டாயம்? பெற்றவளுக்கா, பிள்ளைக்கா? பலர் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 8ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். கட்டாயம் அரசாங்கத்துக்கு! பிள்ளையைச் சேர்ப்பதும், வரச் செய்வதும், முடிக்கச் செய்வதும் அரசின் கடமை என்று விளக்கமே எழுதி வைத்திருக்கிறது. கையேந்தி நிற்கிறாள் அந்தத் தாய் என்று நினைக்கிறோம். இல்லை, கடனை வசூலிக்க வந்திருக்கிறாள்!

கடன் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறோம். அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது, பத்தாண்டுக்குள் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல்வோம் என்று 45ஆம் பிரிவில் எழுதினார்கள். 1960இல் தவணை முடிந்தது. 2002இல்தான் அதை அடிப்படை உரிமையாக்கித் திருத்தம் வந்தது. சட்டம் நடப்புக்கு வந்தது 2010இல். ஐம்பது ஆண்டு தவணை தவறிய கடன்! இடையில் 1953இல் இங்கே, அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டமும் வந்ததே! குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயர் சூட்டியது. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது.

சிதம்பரத்துக்கு இந்தக் கதை புதிதல்ல. நந்தன் உள்ளே வரவேண்டுமானால் முதலில் நெருப்பில் இறங்கி வரட்டும் என்று புராணம் எழுதிய ஊர் அது. அந்த ஊரிலேயே, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்கவில்லை என்று கண்டு, 1916இல் நந்தனார் பெயரிலேயே கல்விக் கழகம் கண்டு பள்ளி நடத்தினார் சுவாமி சகஜானந்தர். துறவிதான், ஆனால் காட்டுக்குப் போகவில்லை, கரும்பலகைக்குப் போனார். சட்டமன்றத்திலும் உட்கார்ந்து வாதாடினார். 1959இல் அவர் மறைந்தார், பள்ளி நிலைத்து நின்றது. அன்று கதவை மூடியது சாதி. இன்று காகிதம் மூடுகிறது. சாதி முழுவதும் ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. காகிதத்துக்குப் பின்னால் அது ஒளிந்துகொள்ளும் இடங்களும் உண்டு.

சரி, அந்தக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

டி.சி. இல்லையா? அது தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. அதைத் தராமல் இழுத்தடிக்கும் தலைமையாசிரியர்மீது நடவடிக்கை உண்டு என்றும் சொல்கிறது. கட்டணப் பாக்கிக்காக அதை நிறுத்தி வைக்கலாமா? மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவியல்ல, பாக்கி என்ற குறிப்பையும் அதில் எழுதக்கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. பாக்கி இருந்தால் சட்டப்படி வசூலிக்கட்டும். பிள்ளையை அடகு பிடிக்க அவர்கள் என்ன வட்டிக்கடையா வைத்திருக்கிறார்கள்?

பிறப்புச் சான்றிதழ் இல்லையா? வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. கடலூர் மாவட்டத்துக்கு இந்தப் பிரிவின் அருமை தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் கடல் புகுந்தபோது உயிர் போன வீட்டில் காகிதம் மிஞ்சியிருக்குமா? 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கூரையைத் தூக்கிச் சென்றது. 2015இல் வெள்ளம். பானைக்குள் வைத்த சான்றிதழ் பானையோடு போகிற மாவட்டம் இது! அங்கன்வாடிப் பதிவேடு, மருத்துவமனைப் பதிவு, அதுவும் இல்லையென்றால் பெற்றவரின் உறுதிமொழி என்று வழிகள் இருக்கின்றன.

காலம் கடந்துவிட்டதா? கெடு முடிந்தபின் வந்தாலும் மறுக்கக் கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. கார்த்திகையிலும் சேரலாம், தையிலும் சேரலாம்.

தந்தை கையெழுத்தா? இறந்தவன் எங்கிருந்து வந்து கையெழுத்துப் போடுவான்! தாய் போதும். தாயும் ஊரில் இல்லை, வேலைக்கு வெளியூர் போய்விட்டாள் என்றால், பிள்ளையைப் பாதுகாத்து வளர்ப்பவரே பாதுகாவலர் என்று சட்டத்தின் தொடக்கத்திலேயே பொருள் எழுதப்பட்டிருக்கிறது. கஞ்சி ஊற்றும் பாட்டிக்கு மனுப்போட உரிமை உண்டு.

பிறகு 'எமிஸ்' என்று ஒரு கணினிப் பதிவு. பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி அதை எடுத்துக்கொள்ள முடியும். இங்கே தலைமையாசிரியர்மீது பாய்வது நியாயமல்ல. பல நேரங்களில் நல்ல மனிதர் அவர். கணினி மறுப்பதால் கையைப் பிசைகிறார். ஆனால் கணினியோடு மல்லுக்கட்ட வேண்டியவர்கள் அதிகாரிகள். அதுவரை பிள்ளை வகுப்பில் உட்காரட்டும். திண்ணையில் ஏன் உட்கார வேண்டும்?

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த வாள் அரசுப் பள்ளி வாசலில் கூர்மையானது; தனியார் பள்ளி வாசலில் அவ்வளவு கூர்மையில்லை. அங்கே நுழைவு வகுப்பில் 25 விழுக்காடுதான் ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு. விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சரியா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் எழுப்பினார்கள். அந்த 25 விழுக்காட்டுச் சேர்க்கையும் 2025இல், மத்திய அரசு கல்வி நிதியை நிறுத்தி வைத்ததால் மாதக்கணக்கில் முடங்கி, பணம் வந்த பிறகு அக்டோபரில்தான் தொடங்கிற்று. டில்லியில் ஒரு கோப்பு தூங்கினால் முதுநகரில் ஒரு பிள்ளை வீட்டில் இருக்கிறது! ஆகவே, துயரத்தில் இருக்கும் குடும்பத்துக்கு நாம் சொல்வது: பக்கத்து அரசுப் பள்ளியை முதலில் பிடியுங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி என்பது விதி.

மறுத்தால்? வாயால் சொன்ன மறுப்பை நம்பித் திரும்பாதீர்கள். வாய்ச்சொல்லுக்குத் தேதி கிடையாது, முத்திரை கிடையாது, நாளைக்கு "அப்படி யார் சொன்னது?" என்பார்கள். எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், "இன்ன நாள் சென்றோம், இன்ன காரணம் சொல்லி மறுத்தார்கள்" என்று நீங்களே எழுதுங்கள். 32ஆம் பிரிவின்படி எவரும் எழுத்து மூலம் முறையிடலாம். நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி மட்டுமல்ல, பள்ளிமீது நிர்வாகக் கட்டுப்பாடு உள்ள அதிகாரியும் அதில் அடக்கம். வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒன்று, கடலூர் முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒன்று, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் கையில் ஒன்று. மூன்று மாதத்துக்குள், உங்களையும் அழைத்துக் கேட்டு, முடிவு சொல்லவேண்டும். முடிவு பாதகமானால் சென்னையிலுள்ள குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு.

மூன்று மாதம் அதிகாரிக்கு ஒரு கோப்பு; ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு பருவம். எனவே மனுவின் கடைசி வரியில், "முடிவு வரும்வரை வகுப்பில் உட்கார அனுமதிக்க வேண்டும்" என்று தவறாமல் கேளுங்கள்.

கழகத் தோழர்கள் இதில் செய்ய வேண்டியது கூட்டம் கூட்டுவதல்ல. படிப்பகத்தில் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் இருக்கட்டும். சங்கத்தில் எழுதத் தெரிந்தவர் ஒருவர், அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலி போகாமல், மாலையில் அவள் வீட்டுக்கே போய் மனுவை எழுதிக் கொடுக்கட்டும். குடும்பத்தின் அழுகையை எல்லாம் எழுத வேண்டாம். கணவர் இறந்த நாள், ஊர் மாறிய நாள், பிள்ளையின் வயது, படித்த வகுப்பு, மறுத்த பள்ளி, மறுத்த நாள், சட்டப் பிரிவு. ஒரு பக்கம் போதும். அவள் கைநாட்டு வைத்தாலும் செல்லும். விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அவளிடமே கொடுத்துவிடுங்கள். நகலைச் சங்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.