காற்புள்ளியின் கதை

'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்பது பழமொழி. காற்புள்ளிக்கும் இது பொருந்தும். கணிப்பொறிக்குத் தரும் பட்டியல்களில் இச்சிறு குறி என்ன செய்கிறது என்பதைக் காண்போமா, தோழியரே?

கோடு போட்ட பதிவேட்டில் ஒவ்வொரு விவரத்திற்கும் ஒரு கட்டம் உண்டு. வெறும் எழுத்துகளால் ஆன கோப்பில் கோடுகள் இல்லை. ஆகவே, ஒரு மாணவியின் விவரங்களை ஒரே வரியில் எழுதி, இடையிடையே காற்புள்ளி இடுகிறோம். அவ்வரியை 'வரிசை' என்றும், அதிலுள்ள ஒவ்வொரு விவரத்தையும் 'புலம்' என்றும் அழைப்பர். இம்முறை புதியதன்று. 1972-ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் ஃபோர்ட்ரான், காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட விவரங்களைப் படித்தது.

எண், பெயர், முகவரி, மதிப்பெண் என நான்கு புலங்கள் கொண்ட வரிசை ஒன்றைப் பாருங்கள்:

7,மேரி,12, கோயில் தெரு,91

காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டும்படி நிரல் எழுதினால் என்ன ஆகும்? நான்கு துண்டுகளுக்குப் பதில் ஐந்து கிடைக்கும். மதிப்பெண் இருக்க வேண்டிய நான்காம் இடத்தில் 'கோயில் தெரு' வந்து அமரும். பாவம், மேரி பெற்ற 91 ஐந்தாம் இடத்திற்குத் தள்ளப்பட்டு, கணக்கில் சேராமலே போய்விடும்!

இதற்கு வழி, முகவரியை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் அடைப்பதாகும்:

7,மேரி,"12, கோயில் தெரு",91

இப்போது நிரல் கண்டபடி வெட்டாமல், ஓர் எழுத்தாகப் படித்துச் செல்ல வேண்டும். 'நான் மேற்கோளுக்கு உள்ளே இருக்கிறேனா, வெளியே இருக்கிறேனா?' என்பதை அது எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். வெளியே காற்புள்ளி வந்தால் புலம் முடிந்தது. வரி முடிந்தால் வரிசை முடிந்தது. உள்ளே வரும் காற்புள்ளியும், வரி முறிவும்கூட, விவரத்தின் பகுதிகளே. மேற்கோள் குறியையே விவரத்தில் எழுத வேண்டுமாயின், அதை இருமுறை இட வேண்டும். உள்ளே இரண்டு குறிகள் அடுத்தடுத்து வந்தால், நிரல் அவற்றை ஒரே குறியாகக் கொள்ளும். ஒன்று மட்டும் வந்தால் மேற்கோள் முடிந்ததென அறியும். 2005-ஆம் ஆண்டு வெளியான ஆர்.எஃப்.சி. 4180 என்னும் ஆவணம் இவ்விதிகளைத் தொகுத்துக் கூறுகிறது. பைத்தான் மொழியில் இவ்வேலைக்கென ஆயத்தமான பகுதி 2003 முதல் உள்ளது.

இன்னும் ஒரு காவல் தேவை. ஒவ்வொரு வரிசையையும் பிரித்தபின் புலங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு இல்லையெனில், நிரல் தானாக ஊகித்துச் சரிசெய்யாமல், எந்த வரிசையில் பிழை என்பதைச் சொல்லி நிற்க வேண்டும்.

கணிப்பொறிக்கு மேரியைத் தெரியாது; அவள் இரவு பகலாகப் படித்ததும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை குறிகள் மட்டுமே. அவள் உழைப்பின் பலன் அவளிடம் சேர்வது, நிரல் எழுதுபவரின் கவனத்தில்தான் இருக்கிறது. ஆகவே தோழியரே, நாளை நீங்கள் நிரல் எழுதும்போது, வெட்டும் முன் ஒருமுறை கேளுங்கள்: இக்காற்புள்ளி உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?